வாடகை ஜெட்டின் தாளில் 'ஆபரேட்டர்' என்று என் பெயர்

முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்துவர நானும் அண்ணனும் ஒரு சிறிய ஜெட்டை வாடகைக்கு எடுத்தோம். வழக்கமான விமானத்தில் மாறி மாறிப் போனால் அத்தனை நேரம் அவரால் உட்கார முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சேமிப்பில் கைவைத்துத்தான் துணிந்தோம். அதில் ஏமாந்தோம். இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களிடம் பேசியவர் ஒரு தரகர். மற்ற இடங்களை விட அவர் சொன்ன தொகை நன்றாகவே குறைவு. ஏன் என்று கேட்டதற்கு, "இது எம்ப்டி லெக் சார், எப்படியும் காலியாகத் திரும்ப வேண்டிய விமானம்" என்றார். எம்ப்டி லெக் என்பது உண்மையில் உள்ளதுதான். ஒருவரை இறக்கிவிட்டு ஜெட் வெறுமனே திரும்பும்போது அந்தப் பயணத்தை மலிவாகக் கொடுப்பார்கள். ஆனால் முதலில் எடுத்தவர் தேதியை மாற்றினால் உங்கள் பயணமும் ரத்தாகும். அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஹாக்கர் 800 வரும், எட்டு இருக்கை, இரண்டு விமானிகள் என்றார். முழுப் பணத்தையும் வங்கி வழியாக அனுப்பிவிட்டோம்.

அன்று காலை ஓடுதளத்தின் ஓரம் நின்றது ஒரு சைட்டேஷன் சிஜே2. இரண்டும் ஜெட்தானே என்று தோன்றும். ஹாக்கரின் உட்புற உயரம் சுமார் 5 அடி 9 அங்குலம். சிஜே2 வகையில் 4 அடி 9 அங்குலம்தான். குனியவே கூடாத அம்மா அதற்குள் எப்படி நுழைவார்? விமானியும் ஒருவர்தான். அந்த ரகத்தை ஒரே விமானி ஓட்டலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் எங்களுக்குச் சொன்னது இரண்டு பேர்.

அப்புறம்தான் அந்தத் தாள் வந்தது. "வழக்கமான ஃபார்ம்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்று விமானி நீட்டினார். தலைப்பில் டிரை லீஸ் என்று இருந்தது. ஆபரேட்டர் என்ற இடத்தில் என் பெயர். அண்ணன் விவரம் கேட்டதும் அவர் தயங்கி, "யாராவது கேட்டால் ஓனருக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடுங்கள் சார்" என்றார். அம்மாவின் சக்கர நாற்காலியை அங்கேயே திருப்பினோம்.

டிரை லீஸ் என்றால் விமானத்தை மட்டும், விமானி இல்லாமல், குத்தகைக்கு எடுப்பது. எடுத்தவர்தான் அந்தப் பயணத்தை இயக்குபவர். பராமரிப்பு, விமானி, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. விமானத்தையும் விமானியையும் சேர்த்தே அனுப்பிவிட்டு டிரை லீஸ் என்று எழுதுவது, பயணியின் தலையில் பொறுப்பைக் கட்டும் தந்திரம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

இப்படி ஏன் செய்கிறார்கள்? ஜெட் வைத்திருப்பவருக்கு அது பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகை, காப்பீடு, விமானிகளின் சம்பளம், சிமுலேட்டர் பயிற்சி என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட நேர்மையான வழி உண்டு: வணிகப் பயணத்துக்கான ஆபரேட்டர் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனத்திடம் விமானத்தை ஒப்படைப்பது. அந்தச் சான்றிதழின் கீழ் வந்தால் விமானிகளின் ஓய்வு நேரம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் கண்டிப்பான விதிகளுக்குள் வந்துவிடும். சிலர் அந்தச் செலவைத் தவிர்க்கக் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள்.

2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸின் நான்டஸிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் போகும் வழியில் விமானம் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்து இறந்ததும் உரிமமில்லாத வாடகைப் பயணத்தில்தான். பணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிச்செல்லும் உரிமம் அந்த விமானிக்கு இல்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் தரகர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், பணம் அனுப்பும் முன் ஆபரேட்டர் யார், விமானத்தின் பதிவெண் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிவெண் அவர்களுடைய சான்றிதழில் இருக்கிறதா என்று அந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையிடம் சரிபாருங்கள். அமெரிக்காவில் தரகர்கள் தாங்கள் தரகர்கள்தான் என்பதையும் இயக்கும் நிறுவனம் எது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று 2019 முதல் விதியே இருக்கிறது. விமானம் மாறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் 'அதே போன்ற விமானம்' தரலாம் என்ற இரண்டு வரிதான் இருந்தது; தரகர் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடினார். விமானம் கிளம்பும் இடத்துக்கு வந்து சேரும் செலவு, விமானி இரவு தங்கும் செலவு, இறக்கைப் பனி நீக்கும் செலவு ஆகியவை தொகைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். பின்னால் வரும் பில்லில் இவைதான் முளைக்கும்.

இரண்டு நாள் கழித்து, சான்றிதழ் உள்ள ஒரு நிறுவனத்திடம் நேரடியாகப் பேசி எடுத்தோம். கேட்கும் முன்பே பதிவெண்ணையும் காப்பீட்டுத் தாளையும் அனுப்பினார்கள். கதவின் அகலத்தை அளந்து சொன்னார்கள். அம்மா படுத்தபடியே வந்து சேர்ந்தார். முதல் தரகர் பல மாத இழுபறிக்குப் பிறகு பாதிக்கும் குறைவாகத்தான் திருப்பித் தந்தார். மீதிக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை.