டியூக்கா, கரோலைனாவா, என்.சி. ஸ்டேட்டா: நாங்கள் நான்காம் எண் சட்டை வாங்கிய கதை

நார்த் கரோலைனாவில் கேரி என்ற ஊருக்கு நாங்கள் குடிவந்தது 2023 கோடையில். சாமான் பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் வந்து கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எந்தப் பக்கம்?" அரசியல் கேட்கிறார் என்று நினைத்துத் தயங்கினேன். அவர் கேட்டது கல்லூரிக் கூடைப்பந்து.

இங்கே காரில் அரை மணி நேரத்துக்குள் மூன்று பெரிய பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் கரோலைனா, ராலேயில் என்.சி. ஸ்டேட். மூன்றும் ஏசிசி என்கிற அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் லீகில் ஆடுகின்றன. 1953ல் அது தொடங்கியபோதே அதில் இருந்தவை. டியூக்குக்கும் கரோலைனாவுக்கும் நடுவே பத்து மைல்தான். அந்தப் பத்து மைலுக்குள் இருக்கிற பகையைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

என் மகள் அந்த வருடம்தான் பள்ளி அணியில் சேர்ந்திருந்தாள். ஆகவே எங்களுக்கு இது உண்மையான கேள்வி. ஒரு சீசன் முழுக்க மூன்றையும் பார்த்தோம், அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரோலைனா. இப்போது இந்தப் பக்கம் குடிவருகிற நம்மவர்கள் நிறையப் பேர். அதே கேள்வி உங்களையும் தேடி வரும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்வதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். தேசியக் கோப்பைகள்: கரோலைனா 6, டியூக் 5, என்.சி. ஸ்டேட் 2. நிறம்: வெளிர்நீலம், அடர்நீலம், சிவப்பு. கோப்பைக் கணக்கைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1983ல் என்.சி. ஸ்டேட் ஹூஸ்டனைக் கடைசி நொடியில் 54-52 என்று வென்றது பெரிய விஷயம்தான். ஆனால் அன்று அதைப் பார்த்தவர்களுடைய சொத்து அது. வந்தேறிய நாங்கள் அதில் பங்கு கேட்க முடியாது.

டிக்கெட் விஷயம் அடுத்தது. டியூக்கின் கேமரன் அரங்கம் 1940ல் கட்டியது, 9,314 பேருக்குத்தான் இடம். களத்தை ஒட்டிய பலகை இருக்கைகள் மாணவர்களுக்கு. வெளியாள் டிக்கெட் வாங்குவது பெரும் பாடு. கரோலைனாவோடு ஆட்டம் என்றால் மறுவிற்பனையில் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சகஜம். என் மனைவியின் தம்பி டியூக்கில் மேற்படிப்பு படிக்கிறான். அங்கே மேற்படிப்பு மாணவர்கள் ஒரு வாரக் கடைசி முழுக்க வெளியில் முகாம் போட்டு, நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் ஓடிப்போய் வருகை பதிய வேண்டும். அதில் தேறியவர்களுக்கே சீசன் டிக்கெட் குலுக்கல். "அத்தான், ரெண்டு நாள் தூங்கல, ஆனா கிடைச்சிருச்சு" என்று அவன் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கேமரனுக்குள் நான் போனது ஒரே ஒருமுறை, அதுவும் நவம்பரில் ஒரு சின்ன அணியோடு நடந்த ஆட்டத்துக்கு. அதை வைத்து அந்த அரங்கத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. அந்தச் சின்ன ஆட்டத்துக்கே பலகைகள் அதிர்ந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

கரோலைனாவின் டீன் ஸ்மித் அரங்கம் 21,750 பேர் கொள்ளும். கீழ்த்தட்டில் நன்கொடையாளர்கள் வெகுகாலமாகப் பிடித்து வைத்திருக்கும் இருக்கைகள். நம்மைப் போன்றவர்களுக்கு மேல்தட்டு. அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் விரல் உயரம். ஆனால் வாரநாள் ஆட்டமென்றால் இடம் கிடைத்துவிடும். என்.சி. ஸ்டேட் அரங்கம் எங்கள் வீட்டுக்கு மிகப் பக்கம், டிக்கெட்டும் எளிது. இந்த ஒரு கணக்கில் என்.சி. ஸ்டேட்தான் முதலிடம், சந்தேகமே இல்லை.

சரி, எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. ஆட்டக்காரர் எத்தனை வருடம் தங்குகிறார்?

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எதிர்வீட்டுப் பெரியவர் கரோலைனாவில் படித்தவர், அவர் அப்பாவும் அங்கேதான். யார் வந்தாலும் போனாலும் அவருக்கு அணி அவருடையதே. எனக்கும் என் மகளுக்கும் பட்டமும் இல்லை, பரம்பரையும் இல்லை. எங்களை ஓர் அணியோடு கட்டுகிற கயிறு ஆட்டக்காரர் மட்டும்தான். அவர் வருடத்துக்கு ஒருமுறை மாறினால் கயிறு வருடத்துக்கு ஒருமுறை அறுகிறது.

அறுப்பதற்கு வழிகளும் பெருகிவிட்டன. பள்ளி முடித்து ஒரு வருடம் ஆனால் என்பிஏ என்கிற தொழில்முறை லீகுக்குப் போகலாம் என்பது 2006 டிராஃப்டிலிருந்து (அந்த அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) உள்ள விதி. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும். 2024ல் அந்தத் தடையும் முழுதாகப் போய்விட்டது. படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், மறுவருடமே ஆடலாம். பிள்ளைகள் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம். பயிற்சியாளர் நினைத்தபோது போகலாம், மாணவன் மட்டும் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது சரியில்லைதான். ஆனால் பார்க்கிறவர் கதை வேறு.

என்.சி. ஸ்டேட்டில் இதை நேரிலேயே பார்த்தோம். 2024 மார்ச்சில் அவர்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சீசன் முடிவில் தொடர்ந்து நான்கு தோல்வி, அதை அடுத்து வரும் ஏசிசி நாக்அவுட் தொடரில் பத்தாம் இடத்து அணி. கோப்பை வேண்டுமானால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றாக வேண்டும். லூயிவில், சிரக்யூஸ், டியூக் என்று வரிசையாகச் சாய்த்தார்கள். அரையிறுதியில் வர்ஜீனியாவிடம் தோற்றுவிட்டார்கள் என்றே நினைத்து நான் ரிமோட்டை எடுத்துவிட்டேன். மைக்கேல் ஓ'கானெல் தூரத்திலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் தத்தி, உள்ளே விழுந்தது. கூடுதல் நேரம், வெற்றி. இறுதியில் கரோலைனாவை 84-76. 1987க்குப் பிறகு அவர்களுக்கு முதல் ஏசிசி கோப்பை.

என் மகளுக்கு டி.ஜே. பர்ன்ஸ் என்றால் உயிர். ஏறத்தாழ 125 கிலோ எடை, ஆறடி ஒன்பதங்குலம், இடதுகைக்காரர். எதிராளியை முதுகாலேயே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் பூவை வைப்பது போலப் பந்தை வளையத்தில் வைப்பார். வைத்துவிட்டு ஒரு சிரிப்பு. தேசியத் தொடரின் கால் இறுதியில் டியூக்குக்கு எதிராக 29 புள்ளி எடுத்தார். ஸ்டேட் 76-64 என்று வென்று, 1983க்குப் பிறகு முதல்முறையாகக் கடைசி நான்கில் நுழைந்தது. அங்கே பர்டூவிடம் தோற்றார்கள். அதே வாரம் அவர்களுடைய பெண்கள் அணியும் கடைசி நான்கில் ஆடியது. ஊரே சிவப்பாக இருந்தது.

நவம்பர் வந்தது. பர்ன்ஸ் இல்லை. ஹார்ன் இல்லை, மோர்செல் இல்லை, டியாரா இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் எல்லோரும் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்து, தங்கள் ஆட்டக் காலத்தின் கடைசிப் பகுதியை இங்கே ஆடியவர்கள். "அப்பா, பர்ன்ஸ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே முதல் ஆட்டத்தைப் பார்த்தாள். அந்த 2024-25 சீசனில் ஸ்டேட் 12 வெற்றி, 19 தோல்வி. ஏசிசியில் மொத்தம் 18 அணிகள், தொடரில் ஆட 15க்கு மட்டும் இடம். முந்தைய வருடம் கோப்பை வென்ற அணி தொடருக்குள்ளேயே வரவில்லை. கடைசி நான்குக்குக் கூட்டிப்போன பயிற்சியாளர் கெவின் கீட்ஸை ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டு வில் வேடைக் கொண்டுவந்தார்கள்.

டியூக்கில் எதிர்த்திசையில் அதே கதை. 2024-25ல் அவர்களைப் போல் ஓர் அணியை நான் பார்த்ததில்லை. ஏசிசியில் 19 வெற்றி, 1 தோல்வி; மொத்தத்தில் 35-4. கூப்பர் ஃபிளாக் பதினெட்டு வயதில் நோட்ர டேமுக்கு எதிராக 42 புள்ளி எடுத்தார், ஏசிசியில் முதலாண்டு மாணவர் யாரும் அதுவரை எடுக்காதது. கான் நூப்பல் எறிகிற விதத்தை என் மகள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். ஆனால் கடைசி நான்கில் ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்ற பிறகு, அந்த ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களும் ஜூன் டிராஃப்டில் போய்விட்டார்கள். ஃபிளாக் முதல் இடம், நூப்பல் நான்கு, மலுவாச் பத்து. டைரீஸ் ப்ராக்டர் மட்டும் மூன்று வருடம் நின்றவர், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அதற்கு முந்தைய கோடையில் ஏழு பேர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். நான்கு வருடம் இருந்த ஜெரமி ரோச்கூட ஐந்தாம் வருடம் ஆடியது பேலரில்.

வெற்றிதான் வேண்டும் என்றால் டியூக்கைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சியாளர் ஜான் ஷையர் 2010ல் அங்கேயே ஆட்டக்காரராகக் கோப்பை வென்றவர்; 42 வருடம் பயிற்சியாளராக ஆண்ட கோச் கே (மைக் ஷஷெவ்ஸ்கி) விலகிய 2022ல் பொறுப்பேற்று அணியைக் கீழே விழாமல் பிடித்தார். அது சாதாரண வேலை இல்லை.

இப்போது கரோலைனாவுக்கு வருகிறேன். நாங்கள் முதலில் மேல்தட்டில் உட்கார்ந்தது 2024 பிப்ரவரி 26, ஒரு திங்கட்கிழமை இரவு, மயாமியோடு ஆட்டம். மறுநாள் பள்ளி இருக்கிறது, பாதியில் கிளம்பிவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். ஆர்.ஜே. டேவிஸ் என்கிற ஆறடிப் பையன், அந்தக் களத்திலேயே குள்ளமானவர்களில் ஒருவர், எறிய ஆரம்பித்தார். உயரமானவர்களுக்கு நடுவே நுழைந்து, அவர்கள் கை எட்டும் முன் பந்தை மேலே மிதக்க விடுவார். அது இறங்கும்போது வலை மட்டும் அசையும். அணி எடுத்தது 75, அதில் அவர் மட்டும் 42. அந்த அரங்கத்தில் கரோலைனாக்காரர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அதுதான். யாரும் பாதியில் கிளம்பவில்லை.

அந்த சீசனில் கரோலைனா ஏசிசி லீகில் 17-3 என்று முதலிடம், டேவிஸ் அந்த லீகின் ஆண்டின் சிறந்த வீரர். நான்கு வருடம் ஆகிவிட்டது, போய்விடுவார் என்றே எல்லோரும் பேசினார்கள். திரும்பி வருகிறேன் என்றார். அந்தச் செய்தி வந்த வாரம்தான் மகளுக்கு அவருடைய நான்காம் எண் சட்டை வாங்கினோம்.

திரும்பி வந்த வருடம் நன்றாகப் போகவில்லை. ஏசிசியில் 13-7. டியூக்கிடம் மூன்று முறை தோல்வி. மூன்றாவது, சார்லட்டில் நடந்த அரையிறுதி, ஃபிளாக் காயத்தால் ஆடாத ஆட்டம். 24 புள்ளி பின்னாலிருந்து ஏறி வந்தார்கள். நான்கு நொடி இருக்கையில் சமநிலைக்கான ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறி) உள்ளே விழுந்தது. ஆனால் ஓரத்தில் நின்ற கரோலைனாக்காரர் ஒருவர் பந்து கைவிடும் முன் கோட்டைத் தாண்டிவிட்டார், செல்லாது. 74-71. மகள் எதுவும் பேசாமல் வெளியே போய் வாசல் வளையத்தில் ஃப்ரீ த்ரோ எறிந்துகொண்டிருந்தாள், இருட்டும் வரை. யாரென்றே தெரியாத அணிக்காக ஒரு குழந்தை அப்படி எறியாது. டேவிஸை அவளுக்கு இரண்டு சீசனாகத் தெரியும்.

அவர் மொத்தம் 2,725 புள்ளிகளோடு விடைபெற்றார்; கரோலைனா வரலாற்றில் டைலர் ஹான்ஸ்ப்ரோவுக்கு அடுத்த இடம். அவருக்கு ஒரு வருடம் முன் போன அர்மாண்டோ பேகாட்டும் ஐந்து வருடம் ஆடியவர், அந்தப் பல்கலையில் அதிக ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) அவருடையது. அப்போது பயிற்சியாளராக இருந்த ஹூபர்ட் டேவிஸும் டீன் ஸ்மித்திடம் அங்கேயே ஆடி வளர்ந்து, 2021ல் பொறுப்புக்கு வந்தவர்.

என் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு, மறைக்க மாட்டேன். பேகாட்டும் ஆர்.ஜே. டேவிஸும் ஐந்து வருடம் ஆட முடிந்தது கொரோனா காலத்துக்காகக் கொடுத்த கூடுதல் வருடத்தால். அது இனி இல்லை. 2025 வசந்தத்தில் கரோலைனாவிலிருந்தே எலியட் கடோ மிச்சிகனுக்கும், இயன் ஜாக்சன் ஒரே வருடத்தில் செயின்ட் ஜான்ஸுக்கும் போனார்கள். ட்ரேக் பவல் என்பிஏவுக்கு. 2025-26லிருந்து பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். தங்குவதற்கும் அதுவே காரணமாகலாம், கிளம்புவதற்கும். நாங்கள் பார்த்தது இரண்டே சீசன். இதை வைத்து அடுத்த ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது.

ஆனாலும் கரோலைனாவில் சேத் டிரிம்பிள் இருந்தார். 2024ல் கல்லூரி மாற நினைப்பவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டு, மனம் மாறித் திரும்பியவர். 2025ல் எல்லோரும் கிளம்பியபோதும் நான்காம் வருடத்துக்கு நின்றார். நான்காம் எண் சட்டை மகளுக்குச் சின்னதாகிவிட்டது, முதுகில் எண்ணின் ஓரம் உரிந்து சுருண்டிருக்கிறது. அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, டிரிம்பிளின் ஏழாம் எண்ணில் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.