ஆபிரிக்கக் கிராமங்களுக்குத் தொண்டு செய்ய மட்டக்களப்பிலிருந்து எந்த வழி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாழும் ஒருவர் ஆபிரிக்கக் கிராமமொன்றின் அபிவிருத்திக்குத் தன் நேரத்தைத் தர விரும்பினால், அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. ரோட்டரி, லயன்ஸ் போன்ற சர்வதேசக் கழகமொன்றின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்து அங்குள்ள திட்டமொன்றுக்குத் தோள் கொடுக்கலாம். வீட்டிலிருந்தபடியே இணையவழித் தொண்டராகப் பணிபுரியலாம். அல்லது சில வாரங்களுக்கு நேரில் சென்று வேலை செய்யலாம். என் தெரிவு உள்ளூர்க் கிளைதான். ஆனால் திறப்பு விழாவுக்குப் பின்பும் அந்தக் கிராமத்தை மறவாத கிளையாக அது இருக்க வேண்டும்; அப்படி இல்லையென்றால் இரண்டாவது வழியே மேல்.

நேரில் செல்வதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விமானச் சீட்டு, விசா, பல நாடுகளுக்குப் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது ஏற்றிக்கொள்ள வேண்டிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்று செலவு கூடிக்கொண்டே போகும். அங்கே ஆள் கிடைக்காத துறையொன்றில் தேர்ந்த தாதியோ நீர்ப் பொறியியலாளரோ மாதக்கணக்கில் தங்கினால் அந்தச் செலவுக்குப் பொருளுண்டு. இரண்டு வாரம் பாடசாலைச் சுவருக்குச் சாந்து பூசிவிட்டுத் திரும்பும் பயணமோ அந்த ஊர் மேசனின் நாட்கூலியைப் பறிப்பதாகவே முடிகிறது.

இணையவழித் தொண்டு அப்படியன்று. ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு 1970இல் தொடங்கப்பட்டது. அதன் இணையவழிச் சேவை 2000ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகிறது. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அறிக்கை தொகுப்பது, பயிற்சிக் கையேடு வடிவமைப்பது, தரவுகளை ஒழுங்குபடுத்துவது போன்ற பணிகளே பெரும்பாலும் கிடைக்கும். 2014இல் தொடங்கிய 'மிஸ்ஸிங் மாப்ஸ்' முயற்சியிலும் சேரலாம். செய்மதிப் படத்தைப் பார்த்து, வரைபடத்தில் இடம்பெறாத கிராமங்களின் வீடுகளையும் பாதைகளையும் கணினியில் வரைவதே அதன் வேலை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒரு மாணவர் மாலை நேரத்தில் இதைச் செய்ய முடியும். தடுப்பூசி போடச் செல்லும் குழுவொன்று அந்தப் பாதையைப் பின்பற்றி ஒரு குடியிருப்பைச் சென்றடையக்கூடும். ஆனால் பணி முடிந்ததும் தொடர்பும் முடிந்துவிடுகிறது. தான் உதவிய கிராமத்தின் பெயரைக்கூடத் தொண்டர் பல வேளைகளில் அறிவதில்லை. நெருங்கிய உறவை நாடுபவருக்கு அது போதாது.

கிளை வழியின் பலம் அந்த உறவில்தான் இருக்கிறது. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்தை எடுத்துக்கொண்டால், திட்டம் நடைபெறும் நாட்டில் ஒரு கழகமும் வேறொரு நாட்டில் மற்றொரு கழகமும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். மொத்தச் செலவு குறைந்தது 30,000 டொலராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்தச் சமூகத்தின் தேவையை மதிப்பிட்டிருக்கவும் வேண்டும். இவ்வளவு பெரிய தொகையைச் சிறு நகரக் கிளையொன்று தனியாகத் திரட்ட முடியாது. ஆகவே பல கழகங்கள் சேர்ந்து தரும் தொகையில் அது ஒரு பங்காளியாகவே இருக்கும். எனினும் பணத்தை விடப் பெறுமதியான ஒன்று நம்மிடம் உண்டு: உதவி பெற்ற கரையில் நின்ற அனுபவம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பின் கடலோரப் பகுதியான எழுவான்கரையின் கிணறுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கலாம். அந்த மணற்பாங்கான நிலத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் ஒரு படையாகவே தங்கியிருக்கிறது. உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்க நல்ல மனத்தோடு வந்த குழுக்கள் பம்பிகளை வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தன. அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறி, கிணறு தேறுவதற்கு மேலும் தாமதமாயிற்று. மழை பெய்து தானாகக் கழுவும் வரை பொறுத்திருப்பது நல்லது என்பது பின்னரே தெளிவாயிற்று. இதைக் கண்ட ஊரவர் ஆபிரிக்கக் கிராமமொன்றுக்குக் கிணறு கொடுக்கும் கூட்டத்தில் அமரும்போது, அந்த நிலத்தை அறிந்தவரிடம் முதலில் கேளுங்கள் என்று சொல்லும் உரிமையும் கடமையும் அவருக்கு உண்டு.

அந்த ஊரை அறிந்தே கொடுக்க வேண்டும் என்பது கைப்பம்பி விடயத்தில் இன்னும் தெளிவாகிறது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் ஏறக்குறைய மூன்றிலொரு கைப்பம்பி எந்த வேளையிலும் பழுதாகிக் கிடக்கிறது என்று கிராமிய நீர் வழங்கல் வலையமைப்பு என்ற சர்வதேச அமைப்பு 2009இல் மதிப்பிட்டது. சென்னைத் தொழிற்சாலையொன்றில் உற்பத்தியாகத் தொடங்கிய 'இந்தியா மார்க் 2' பம்பி ஆபிரிக்காவெங்கும் பரவியிருக்கிறது. அது உறுதியானது, ஆனால் உள்ளே ஏதாவது தேய்ந்தால் கனத்த இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கப் பயிற்சி பெற்ற குழுவும் தனிக் கருவிகளும் வேண்டும். 'அஃப்ரிடேவ்' பம்பியோ கிராமத்தவரே பராமரிக்கும்படி வடிவமைக்கப்பட்டது: ஒரு திருகுசாவியால் தலைப்பகுதியைத் திறந்து, தண்டை வெளியே இழுத்து, தேய்ந்த இறப்பர் வளையத்தை மாற்றிவிடலாம். அந்தச் சிறு வளையம் அருகிலுள்ள சந்தையில் கிடைக்கிறதா என்பதே கிணற்றின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கச் செலவிடும் கிளை, வளையத்துக்கும் பராமரிப்பவரின் பயிற்சிக்கும் ஒதுக்கீடு செய்யாவிட்டால் அந்தக் கிராமத்துக்கு அது நன்மை செய்யவில்லை.

பெண்களின் சேமிப்புக் குழுக்களை ஆதரிக்கும் கிளைகள் எனக்கு இன்னும் நம்பிக்கை தருகின்றன. நைஜரின் மரடிப் பகுதியில் கெயார் (CARE) என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனம் 1991இல் தொடங்கிய முறையில், வெளியார் பணம் எதுவும் உள்ளே வருவதில்லை. உறுப்பினர்கள் வாராவாரம் பங்குகளாகச் சேமித்து, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, ஆண்டளவில் சேர்ந்ததைப் பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று பூட்டுகள் கொண்ட பெட்டியின் சாவிகள் மூன்று பெண்களிடம் இருக்கும். நம் ஊர்ச் சீட்டை நடத்தியவருக்கும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கணக்கெழுதியவருக்கும் இது உடனே விளங்கும். இங்கே நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நின்றவர்களால் பெண்கள் பட்ட துன்பத்தை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே வெளியிலிருந்து கடன் கொண்டுபோய்க் கொட்டும் திட்டத்தை விட, பெட்டியும் பயிற்சியும் மட்டும் தரும் திட்டத்தையே நம் கிளைகள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கிளையில் சேர எண்ணுபவர் முதற் கூட்டத்திலேயே மூன்றைக் கேட்கலாம். திட்டத்தை முதலில் கோரியது அந்தக் கிராமத்தின் எந்தக் குழு? உதிரிப்பாகம் விற்கும் கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மூன்றாம் ஆண்டில் பழுது வந்தால் பணம் யாருடையது? பதில் இல்லாத கிளையை விட்டு இணையவழிச் சேவையில் பதிந்துகொள்வதே நல்லது. பதில் இருக்குமானால் சந்தாவைக் கட்டிச் சேர்ந்துவிடுங்கள். அப்படிப்பட்ட கிளைகளில் மேடையேறுபவர்களுக்குக் குறைவில்லை, ஆபிரிக்கப் பங்காளிக் கழகத்துக்கு மாதாமாதம் கடிதம் எழுதிப் பம்பி ஓடுகிறதா என்று விசாரித்துப் பதிவேட்டில் குறித்து வைப்பவர்தான் வேண்டியிருக்கிறார்.