சூரியநெல்லி டென்ட் கேம்ப்: ஐந்துக்கு மூன்றரை

தேனி மாவட்டம் போடியில் குடியிருப்பதால், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அத்தை, கொழுக்குமலைப் பக்கம் ஃப்ரீயா டென்ட் போட்டுத் தங்க இடம் இருக்கா?"

இல்லை. அந்த மலையில் கண்ணுக்குத் தெரிகிற நிலமெல்லாம் ஒன்று தேயிலை எஸ்டேட், இல்லாவிட்டால் ஏலத்தோட்டம், அதுவும் இல்லாவிட்டால் காப்புக்காடு. முதல் இரண்டுக்கும் முதலாளி உண்டு. மூன்றாவதில் அனுமதி வாங்காமல் ராத்தங்கினால் வனத்துறை வழக்குப் போடும். கேரளப் பக்கமானாலும் சரி, நம் பக்கமானாலும் சரி. அமெரிக்காவில் தேசியக் காடுகளில் பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் கூடாரம் அடித்துத் தங்க விடுகிறார்கள். ஆனால் கழிப்பறை, குழாய், காவல் எதுவும் இருக்காது. ஓடையிலிருந்து 200 அடி தள்ளித்தான் படுக்கலாம், காலைக்கடனுக்கு ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்து இடம் தேடுகிற பிள்ளைகள், தோட்டத்து வாட்ச்மேனிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஆகவே காசு கொடுத்துத் தங்கிய ஒரு கேம்ப்பைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறை சொல்லப்போகிறேன், பிழைக்கிற பையன்கள் பிழைத்துப் போகட்டும். கேரளத்துச் சூரியநெல்லியின் கடைவீதியைத் தாண்டி கொழுக்குமலை ஜீப் பாதை ஏறுகிற பக்கம், ஏலத்தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இதே மாதிரி கேம்ப்கள் நிறைய. நான் சொல்வதில் பாதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

நான் பிறந்ததே சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட் லயம் ஒன்றில்தான், தொழிலாளர்களுக்கான வரிசைவீடு அது. அம்மா கொழுந்து எடுத்து எங்களை வளர்த்தவள். கல்யாணம் ஆன பிறகுதான் போடிக்கு இறங்கினேன். கேம்ப்பில் தலைக்கு 1,300 ரூபாய் என்று சொன்னதும் அம்மா கேட்டாள்: "குளிருக்கா?" மதுரையில் படிக்கிற மகளும் அவள் சிநேகிதிகளும் போயே தீருவோம் என்று நின்றதால், காவலுக்கு நானும் கூடப் போனேன். மார்கழி மாதம். 1,300-ல் கூடாரம், இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம், கேம்ப் ஃபயர் அடக்கம். கொழுக்குமலை ஜீப்புக்குத் தனிக் காசு.

கூடாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு பேர் படுக்கிற டோம் கூடாரம். சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, மேலே நீலத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தார்ப்பாய் நாலு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்குத் திண்ணை வைத்த மாதிரி அழகாகத்தான் இருக்கும். மழை வந்தால்தான் வினை. கூடாரத்தின் மேல்துணியிலிருந்து வழிகிற தண்ணீர் நேரே அந்த நீட்டலில் விழும், அங்கிருந்து மெதுவாகக் கூடாரத்தின் அடிக்கு ஓடி வந்து தேங்கும். விரிப்பின் ஓரம் கூடாரத்தைவிட உள்ளடங்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் மடக்கிச் செருகிவிட வேண்டும். சொன்னேன். "ஒன்னும் ஆகாதுக்கா, போன வாரங்கூட மழ பேஞ்சுச்சு" என்றான் பையன். சரி என்று நாங்களே நாலு ஓரத்தையும் மடக்கிவிட்டோம். பக்கத்துக் கூடாரத்துத் திருப்பூர்ப் பையன்கள் மடக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு தூறல் விழுந்தது, அரைமணி நேரம்தான். விடிந்து பார்த்தால் அவர்கள் விரிப்பைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கூடாரத்திலும் ஈரம் இருந்தது, அது வேறு ஈரம். மேல்துணியின் உச்சியில் காற்றுப் போவதற்கு ஒரு சின்ன மடிப்பு இருக்கும், குச்சி வைத்து நிமிர்த்துவது. குளிருமே என்று அதைப் படுத்த வாக்கில் விட்டிருந்தார்கள். உள்ளே படுத்திருப்பவர்கள் விடுகிற மூச்சில் இருக்கிற ஈரம், வெளிக்குளிரில் சில்லிட்டுக் கிடக்கிற துணியில் பட்டதும் தண்ணீராகிவிடும். விடிகாலையில் மகள் எழுந்து உட்கார்ந்தாள், தலை துணியில் முட்டியது, பொலபொலவென்று முகத்தில் கொட்டியது. கூடாரம் ஒழுகுகிறது என்று அலறினாள். ஒழுகவில்லை, எல்லாம் நாங்கள் விட்ட மூச்சுதான். அந்த மடிப்பைத் திறந்து வையுங்கள். அதனால் ஏறுகிற குளிர் கொஞ்சம். நனைந்த போர்வைக்குள் படுப்பதுதான் பெரிய குளிர்.

படுக்கைக்கு தோசைக் கனத்தில் ஒரு ஃபோம் விரிப்பு கொடுக்கிறார்கள். இங்கேதான் அரை மார்க்கைக் குறைத்தேன். மேலே எத்தனை போர்த்தினாலும் மலைத்தரை கீழேயிருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லயத்தில் அம்மா முதலில் சாக்கை விரிப்பாள், அதன்மேல் கம்பளியில் பாதியைப் போடுவாள், எங்களைப் படுக்க வைத்து மீதிப் பாதியால் மூடுவாள். அந்த நினைப்பில் வீட்டிலிருந்து ஜமுக்காளம் கொண்டுபோயிருந்தேன். அதை ஃபோமுக்கு மேலே விரித்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தூக்கமே வந்தது. தூங்குகிற பை கொடுக்கிறார்கள், கதகதப்புக்குக் குறைவில்லை, ஆனால் முந்தின ஆளின் தலையெண்ணெய் வாசம் அதில் அப்படியே இருக்கிறது. ஒரு பழைய பருத்திச் சேலையைக் கொண்டுபோய் உள்ளே விரித்துக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்கள் முதலில் கேட்பது கழிப்பறையைப் பற்றித்தான். இரண்டு இருக்கிறது, தகரக் கொட்டகை, உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கூடாரத்திலிருந்து அதுவரைக்கும் பாதையில் ராத்திரி முழுக்க பல்பு எரிகிறது. இதற்கு முழு மார்க். இருபத்தைந்து பேருக்கு இரண்டு போதாது, காலையில் ஜீப் ஹாரன் அடிக்கிற நேரத்தில் வரிசைதான். வெந்நீர் விறகடுப்பில், பக்கெட்டில் மோந்து தருகிறார்கள்.

சாப்பாட்டில் குறை இல்லை. அடிமாலிக்காரச் சேட்டன் சமையல். தேங்காயெண்ணெயில் கோழிக்கறி, சப்பாத்தி, காலையில் புட்டும் கடலையும். மழைக்காலத்தில் போனால் ரத்தம் உறிஞ்சுகிற அட்டைப்பூச்சி இருக்கும், உப்புப் பொட்டலம் மறக்காதீர்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கேம்ப் ஃபயர் என்று ஒன்று வைக்கிறார்கள் அல்லவா, தைலமரக் கட்டையைப் போட்டு எரித்து, பக்கத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்து, பதினொரு மணி வரைக்கும் குத்துப்பாட்டு. இது யானை ஊர். அரிக்கொம்பன் என்ற யானையைத் தெரியாதவர்கள் தேனி மாவட்டத்தில் இருக்க முடியாது. இந்தச் சின்னக்கானல் பக்கம் அரிசிக்காக ரேஷன் கடையை இடித்துக்கொண்டிருந்தவன்தான். 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் தெருவுக்குள் ஓடி வந்தான். ஜூன் 5-ஆம் தேதி நம் வனத்துறை பிடித்து களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. அவன் போனதால் இங்கே யானையே இல்லை என்று அர்த்தமில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் ரிசார்ட் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருத்தி யானை தாக்கிச் செத்துப்போனாள். கூடாரத்துணிக்கு யானையிடமிருந்து யாரையும் காப்பாற்றத் தெரியாது.

அந்த கேம்ப்பில் எனக்கு நம்பிக்கை தந்தது வாட்ச்மேன்தான். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். சோலார் வேலியைச் சாயங்காலமே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, கூடாரம் கூடாரமாகக் குனிந்து, தின்பண்டம், பழம், பிஸ்கட் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்ச் சமையல்கட்டில் வைத்துப் பூட்டினார். ஒரு பையன் சண்டைக்கு வந்தான். "பலாச்சொளை வாசம் நமக்கே அடுத்த தெரு வரைக்கும் வருதுல்லப்பா, அதுக்கு எவ்வளவு நீள மூக்கு" என்றார். பையன் சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டான். பாட்டுச் சத்தத்துக்கு யானை வராது என்று கேம்ப்காரர் சொன்னதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "பாட்டுப் போட்டா ஆனை வர்றது நமக்குத்தான் கேக்காது பாப்பா." தலைக்கு 1,300-ல் இவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. எனக்கென்னவோ கூடாரத்துக்கு 300 ரூபாய் பெறும், மிச்சம் ஆயிரமும் இவர் முழித்திருந்த ராத்திரிக்குத்தான் என்று தோன்றியது.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. கட்டை வெடித்துப் பொறி பறக்கிறது, பத்தடியில் புல். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோ மணலோ இல்லை. மார்கழிப் பச்சையில் பரவாயில்லை. மாசி பங்குனியில் இதே புல் சருகாகக் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11-ல் குரங்கணிச் சரிவில் காட்டுத்தீயில் 23 பேர் செத்தது இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. கொழுக்குமலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தெரிகிற அதே சரிவுதான். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறையே வந்தது. போடிக்காரர்கள் யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்கவில்லை. கேம்ப்காரர்களும் மறக்கக் கூடாது. இதற்கும் பாட்டுக்கும் சேர்த்து ஒரு மார்க் போயிற்று.

விடிகாலை ஜீப் ஏறினோம். பாதை என்று சொல்வது மரியாதைக்கு. பாறைமேல் பாறையாக ஏறி இறங்கும், முதுகுவலி உள்ளவர்கள் கேம்ப்பிலேயே தூங்கலாம். சுமார் 7,900 அடி உயரம். வேடிக்கை என்னவென்றால், கொழுக்குமலை நம் தேனி மாவட்டம், போடி தாலுகா. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் போய், சூரியநெல்லி வழியாகத்தான் திரும்ப நம் ஊருக்குள் வரவேண்டும். மேகம் கீழே பரந்து கிடக்க சூரியன் எழும்புவதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. 1930-களில் கட்டிய டீ ஃபேக்டரி அங்கே இன்னும் ஓடுகிறது, ஒரு பாக்கெட் வாங்குங்கள், பாலில்லாமல் குடியுங்கள். குறிஞ்சி எங்கே என்று மகளின் சிநேகிதி தேடினாள். 2018-ல் பூத்தது, இனி 2030.

'எஸ்டேட் வேண்டாம், நிஜக் காட்டுக்குள்தான் படுக்க வேண்டும்' என்பவர்களுக்கு வழி இருக்கிறது, ஃப்ரீயாக இல்லை. மூணாறிலிருந்து சைலன்ட்வேலி எஸ்டேட் வழியாகப் போனால், 2,640 மீட்டர் மீசைப்புலிமலைக்குக் கீழே கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் பேஸ் கேம்ப்பில் கூடாரம் தருகிறார்கள், மலையேற வழிகாட்டியும் வருவார். குமுளிப் பக்கம் போகிறவர்களுக்குப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் டைகர் டிரெயில் என்ற காட்டு நடை இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் காட்டில் வயண மரத்துப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தவர்களும் வேட்டைக்குப் போனவர்களும்தான் இன்று அதில் வழிகாட்டிகள். துப்பாக்கியோடு காவலர் ஒருவரும் கூட வருவார். காட்டுக்குள்ளேயே கூடாரத்தில் படுக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் 2024 அக்டோபரில் வனத்துறை ஆரம்பித்த ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 40 பாதைகளைத் திறந்திருக்கிறது, ஆனால் அது பகல் நடை. மூன்றுக்கும் முன்பதிவு வேண்டும்.

என்னைக் கேட்டால், வாரநாளில் இந்த கேம்ப்புக்கு மறுபடி போவேன், சனிக்கிழமை போகமாட்டேன். போடியிலிருந்து பூப்பாறை வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம், டாக்சிக்காரரிடம் மாட்டாதீர்கள். போன் பண்ணும்போது கூடாரம் புதிதா என்று கேட்காதீர்கள். ராத்திரி வாட்ச்மேன் உண்டா, வேலி உண்டா, பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் "உண்டு சேச்சி, உண்டு" என்றுதான் பதில் வரும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். சூரிய உதயம் வேண்டாம், கழிப்பறைக் கதவு தெரிகிற மாதிரி ஒன்று.