சுங்கை சிப்புட்டில் சட்டை அச்சடிக்க எந்தக் கடை?

திருவிழாவுக்கு 40 டீ-சட்டை அடிக்கணும், எந்தக் கடை நல்லதுன்னு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்னக் கடைதான். பெயர்ப்பலகை வெளுத்துப் போச்சு. தின்னர் வாடையைப் பிடித்துக்கொண்டே போனால் கடை வந்துவிடும்.

பருத்தித் துணியே கேளுங்கள். மலிவுத் துணி செம்பனைக் காட்டு வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மை வருஷக்கணக்கில் நிற்கும், சிவப்பு சீக்கிரம் மங்கும்.

நான் இந்தக் கடையை நம்பியது 2015-இல். கோலாலம்பூரில் நடந்த பெர்சே 4 பேரணிக்கு, அந்தப் பெயரை அச்சடித்த 20 மஞ்சள் சட்டை சொல்லியிருந்தேன். தேர்தல் சுத்தமாக நடக்கணும், அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பின் கணக்கில் வந்த 2.6 பில்லியன் ரிங்கிட்டுக்குப் பதில் வேணும் என்று கேட்ட காலம் அது. பேரணிக்கு இரண்டு நாள் முன்னால், ஆகஸ்டு 27, உள்துறை அமைச்சு அந்தச் சட்டைக்குத் தடை போட்டது. கடைக்காரத் தம்பி போன் அடித்தார்: "அக்கா, சட்டம் வந்துருச்சு, அதான் நான் சட்டத்தைக் கழுவிட்டேன்." மை தேய்க்கிற மரச் சட்டத்தைச் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

கோபமாகத்தான் போனேன். அவர் பேப்பரை மேசையில் விரித்து, மலாய் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினார். "மஞ்சளுக்குத் தடையில்லக்கா. அந்த எழுத்தோட இருக்கற மஞ்சளுக்குத்தான்." 20 வெறும் சட்டையைக் கட்டித் தந்து, அச்சுக்கூலியைச் சென் கணக்கில் திருப்பித் தந்தார். "போலீஸ் கேட்டா மாரியம்மன் கோயில் சட்டைன்னு சொல்லுங்க."

அவர் பயந்ததில் தப்பில்லை. 2011-இல் எங்கள் தொகுதி எம்.பி. டாக்டர் ஜெயக்குமாரையே அவசரகாலச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் ஜூலை 29 வரை அடைத்து வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அந்த மாதமே தொழிற்சங்கச் சம்மேளனமும் தடையானது. மறுவருஷம் அதன் தலைவர் கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போது லயத்து வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்.

சரி, சட்டைக்கு வருவோம். பேரணியில் மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் ரோட்டில் பேப்பர் விரித்து ஒரு ராத்திரி அந்தச் சட்டையோடு படுத்தேன், தையல் விடவில்லை. 2018 மே 9-இல் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுப் போட்டேன். நஜிப் ஆட்சி போனது, சட்டையில் சாயம் போகவில்லை. கழுத்துதான் தொங்கிப் போச்சு, அதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

முன்பணம் பாதி கொடுக்கணும். மஞ்சள் சட்டை என்றால் என்ன எழுத்து என்று முதலில் சொல்லிவிடுங்கள். அன்றைக்குத் தடை போட உதவிய 1984-ஆம் வருஷ அச்சகச் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது, தம்பியும் கேட்டுவிட்டுத்தான் மை கலக்குவார்.