போன் கேமராவின் ஆட்டோவை அணைக்கக் கற்ற மூன்று வருடம்: ஒரு விஸ்காம் மாணவியின் அனுபவம்

சொந்த ஊர் பவானி. கோவையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்) படிக்கிறேன், கடைசி வருடம். மூன்று வருடமாக என்னிடம் இருப்பது நடுத்தர விலையில் வாங்கிய ஒரு ஆண்ட்ராய்ட் போன், 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் ஜமக்காளம் நெய்யும் ஒரு தாத்தாவைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தேன். "என்ன போன் வாங்கலாம், எந்த ஏஐ நல்லா இருக்கு" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வருடம் எடுத்த ஃபுட்டேஜ் முழுவதும் வீண். காரணம் ஒரு சிவப்பு. பவானி ஜமக்காளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டை பட்டையாக அழுத்தமான நிறங்கள், அதில் அந்தச் சிவப்பு தனி. தாத்தாவின் முகத்தில் ஆரம்பித்து, கை வழியாக இறங்கி, நெய்து முடித்த துணியில் ஷாட்டை முடித்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஷாட். போனிலேயே அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது நம்ம செவப்பு இல்லியே கண்ணு" என்றார். உண்மைதான். முகத்தில் இருக்கும்வரை நிறம் சரியாக இருந்தது. துணி ஃபிரேமை நிறைக்க நிறைக்கச் சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்து, ஓரத்தில் தெரிந்த வெள்ளைச் சுவர் நீலம் பாரித்துவிட்டது.

வெளிச்சத்துக்கு ஏற்றபடி வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் தானாகத் திருத்தும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செய்த வேலை இது. ஒரு காட்சியில் இருக்கும் எல்லா நிறத்தையும் சராசரி எடுத்தால் சாம்பல் வரவேண்டும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. இப்போதைய போன்கள் அதற்கு மேல் எத்தனையோ கணக்குப் போடுகின்றன, ஆனாலும் ஃபிரேம் முழுக்க ஒரே நிறம் வந்தால் அந்த நிறத்தைக் கோளாறு என்று நினைத்துக் குறைக்கப் பார்க்கின்றன. ஈரோட்டில் மஞ்சள் குவியலைக் கிட்டத்தில் போய் எடுத்தவர்களுக்கும் இதே அனுபவம் இருக்கும். ஒரே ஷாட்டுக்குள் நிறம் நகர்ந்துகொண்டே போவதால் எடிட்டிங்கில் உட்கார்ந்து சரிசெய்வதும் பெரும்பாடு.

அப்புறம்தான் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலிக்கு மாறினேன். அதன் அமைப்புகளில் கேமரா2 ஏபிஐ என்பதைத் தேர்ந்தெடுத்தால், போன் அனுமதித்தால், கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) எல்லாம் நம் கைக்கு வந்துவிடும். ஒயிட் பேலன்ஸைப் பூட்டுவதற்கு வெள்ளையாக ஏதாவது வேண்டுமே என்று முதலில் தாத்தாவின் வேட்டியை வைத்துப் பார்த்தேன். படம் முழுக்க மஞ்சளடித்தது. இரண்டு நாள் காரணம் புரியவில்லை. துவைக்கும்போது போடுகிற சொட்டு நீலம்தான் காரணம், நம் கண்ணுக்குத்தான் அது தூய வெள்ளை, கேமராவுக்கு அது நீலம் கலந்த துணி, அந்த நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு இதற்கென்றே விற்கும், எந்த நிறச் சாயலும் இல்லாத ஒரு சாம்பல் அட்டை வாங்கினேன். மூன்று வருடத்தில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான் என்று சொல்வேன்.

ஷட்டரும் அப்படித்தான். தறி இருக்கும் அறையில் பகலிலும் டியூப்லைட் எரியும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும். போன் தானாக 1/60 நொடி ஷட்டருக்குப் போய்விட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர ஆரம்பிக்கும். 1/50 என்று பூட்டிவிட்டால் ஓய்ந்துவிடும்.

ஒலிக்கு வருகிறேன், ஏனென்றால் தறிப் படத்தில் பாதி ஒலிதான். மிதியை மிதிக்கிற சத்தம், நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) பாயும் சத்தம், பலகை வந்து இடிக்கும் சத்தம், நடுவில் அவர் பேச்சு. ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் போனின் ஆட்டோ கெயின் இதைக் கேட்டுத் திண்டாடிப்போகும். பலகை இடித்தவுடன் மொத்த ஒலியையும் இறக்கிவிடும், அடுத்து அவர் பேசுகிற முதல் இரண்டு வார்த்தை காணாமல் போகும், அவர் பேசி முடித்து அமைதியானால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை மேலே தூக்கிக்கொண்டு வரும். அதே ஓப்பன் கேமராவில் ஒலி மூலத்தை 'அன்பிராசஸ்டு' (போன் திருத்தாத ஒலி) என்று மாற்றி, சட்டையில் குத்தும் ஒயர் மைக் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் அந்த அறை அந்த அறை மாதிரியே கேட்டது.

ரிசால்வ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இலவசப் பதிப்பிலேயே 3840x2160 அளவில் எக்ஸ்போர்ட் ஆகும், வாட்டர்மார்க் கிடையாது. அதில் இருக்கும் வண்ணக் கருவிகளை ஒரு மாணவர் மூன்று வருடத்தில் தீர்த்துவிட முடியாது. முக்கியமான குறை, இருட்டில் எடுத்த படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. குழித்தறி அறை மாதிரி இருட்டான இடங்களில் இது கொஞ்சம் வலிக்கும். 4கே கிளிப்புகள் என் போனில் நிமிடத்துக்குச் சுமார் 375 எம்.பி. வரும், லேப்டாப் திணறினால் பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படுத்தும் சிறிய பிரதி) உருவாக்கிக்கொள்ளுங்கள், வேறு லேப்டாப் தேட வேண்டாம்.

இனி ஏஐ. முதலில் சப்டைட்டில். தாத்தாவின் 40 நிமிடப் பேட்டியைத் தானாக எழுதித் தரும் ஒரு செயலியில் போட்டேன். "பொழுதோட வாங்க, தாரு சுத்தி வெச்சிருப்பேன்" என்று அவர் சொன்னது, "பொழுதுபோக்கு வாங்க, தேரு சுத்தி வெச்சிருப்பேன்" என்று வந்தது. பொழுதோட என்றால் எங்கள் பக்கம் சாயங்காலம். தாரு என்பது ஊடை நூல் சுற்றிய குச்சி. ஒரம்பரை (விருந்தாக வரும் சொந்தக்காரர்கள்) என்று அவர் சொன்ன இடமெல்லாம் ஏதேதோ வந்திருந்தது. செய்தி வாசிக்கிற தமிழை அது நன்றாகவே எழுதுகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன், காலக்குறியீடு போட்டுத் தருவதே பெரிய உதவி. ஆனால் தவறு வந்த இடங்கள் எல்லாமே எங்கள் ஊருக்கென்று இருக்கிற சொற்கள். கேட்கத் தெரியாத சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுகிறது, சிவப்பை வெளுத்த அதே மாதிரி. இரண்டு இரவு உட்கார்ந்து கையால் டைப் செய்தேன், கொங்குச் சொற்களை அப்படியே வைத்து.

அடுத்தது படம் உருவாக்கும் ஏஐ. அந்தக் காலத்துச் சந்தையில் ஜமக்காளம் விற்ற காட்சி எங்களிடம் இல்லை. ஏஐயில் செய்துவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். பவானி ஜமக்காளம் என்று கேட்டதற்குப் பூவும் கொடியும் போட்ட பாரசீகக் கம்பளம் வந்தது, நெய்பவர் செங்குத்தான தறி முன்னால் நின்றுகொண்டிருந்தார். எத்தனை விதமாக எழுதிக் கேட்டாலும் பூ போகவில்லை. வகுப்பில் பார்த்தவர்களுக்கு அது அழகாகவே இருந்தது, அதுதான் எனக்குப் பயம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் விசைத்தறிச் சரக்கு பவானி பெயரில் விற்கிறது என்பது எங்கள் தெருவின் தீராத குறை. அதே பெயரில் ஒரு பொய்ப் படத்தையும் நானே சேர்த்துவிடுவதா? வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீடுகளில் கேட்டு நான்கு பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன, அவற்றின் மேல் தாத்தாவின் குரலை ஓட விட்டேன். படமெடுக்கும் முன் ஸ்டோரிபோர்டு (ஷாட்டுகளை வரிசையாகக் காட்டும் படத் திட்டம்) போட ஏஐ படங்களை இப்போதும் பயன்படுத்துகிறேன், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆவணப்படம் என்று பெயர் போட்டதற்குள் அது வரக்கூடாது.

முடித்த படத்தை எங்கள் தெருவிலேயே, ஒரு வீட்டுச் சுவரில், வாடகைப் புரொஜெக்டரில் போட்டோம். கோயமுத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையில் இருந்தபோது, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஒயரை இழுத்துக்கொண்டு திண்ணை திண்ணையாக நடந்த அன்றுதான் அவர் பட்ட பாடு எனக்குப் புரிந்தது.

தாத்தா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு, "எட்டாவது நிமிசம் வாக்குல நாடா சத்தம் முன்னாலயே வந்துருது கண்ணு, கை அப்பறந்தான் போகுது" என்றார். எங்கள் குழுவில் நான்கு பேர், வகுப்பில் அத்தனை பேர், யாருக்கும் தெரியவில்லை. லேப்டாப்பில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன், மூன்று ஃபிரேம் தள்ளியிருந்தது. போன் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்றபடி அந்த வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவுசெய்கிறது, நீளமான கிளிப்பாக இருந்தால் ஒலியும் படமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். நான் அணைக்காமல் விட்ட ஆட்டோ அது ஒன்றுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றி, அந்த ஷாட்டை மறுபடி வைத்து, அடுத்த வாரம் தறி அறைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு முறை போடச் சொன்னார். "இப்பச் சரி" என்றார். இப்போதெல்லாம் ஷூட்டிங் முடிந்த அன்று இரவே எல்லாக் கிளிப்பையும் ஹேண்ட்பிரேக்கில் போட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.