மட்டக்களப்பில் மூழ்கிய இரண்டு கப்பல்கள்: எந்தக் கப்பலுக்குச் சுழியோடலாம்?

ஹெர்மிஸ், பிரிட்டிஷ் சார்ஜன்ட் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் ஒரே நாளில் மூழ்கடித்தன: 1942 ஏப்ரல் 9. பெயரெல்லாம் விமானந்தாங்கியான ஹெர்மிஸுக்குத்தான். ஆனால் அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது; சாதாரணச் சுழியோடிக்கு எல்லை 40. தனிப் பயிற்சி எடுத்துப் போனாலும் அடியில் சில நிமிடம்தான், மேலேறும் வழியில் நின்று நின்று வர வேண்டும். முந்நூறு பேருக்கு மேல் இறந்த கப்பல் அது. எதையும் தொடாதீர்கள்.

சார்ஜன்ட் வெறும் எண்ணெய்க் கப்பல். சுமார் 25 மீட்டரில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. துருத் தகட்டில் பவளம் பிடித்திருக்கும், உடைந்த இடுக்கிலிருந்து களவா மீன் எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால் முதலில் இதுதான். அப்புறம், வாடைக்காற்றுக் காலத்தில் இரண்டுமே வேண்டாம்.