ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைக் காட்டுகிறேன் என்று 8,500 ரூபாயை வாங்கிக்கொண்டு வீதியில் நிறுத்திவிட்டார்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். 'பாரம்பரிய வீடுகளைச் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டாளர்' என்று இணையத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு பக்கத்துக்கு அதற்காக நான் 8,500 ரூபாய் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், தவிரவும் பெயரை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அரை நிமிடம் போதும். பெயரைவிட, அவர்கள் பேசிய விதத்தை நீங்கள் தெரிந்துகொள்வதே முக்கியம்.

என் அப்பாவுக்கு 74 வயது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்ததையும், 1761-ல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் பதிலுக்கு அந்த நகரத்தை இடித்துத் தள்ளியதையும் அவர் சொல்லக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்த இடிப்புக்குத் தப்பி நிற்கும் மிகச் சில கட்டடங்களில் ஒன்று, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் முறையிலும், மேல்தளம் பருத்த காரைத் தூண்களோடு ஐரோப்பிய முறையிலும் அமைந்த வீடு அது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் அதைப் பற்றிப் பேசியவர், ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. முட்டி வலி முற்றுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பொங்கலின்போது சொன்னார். அதனால்தான் தேடினேன்.

தலைக்கு 1,200 ரூபாய், மாளிகையின் இரண்டு தளங்கள், வழிகாட்டி, மதியச் சாப்பாடு என்று விளம்பரம் சொன்னது. ஆறு பேருக்கு 7,200 ரூபாய். புதன்கிழமை பாதியும் வெள்ளிக்கிழமை மீதியும் ஜிபேயில் அனுப்பினேன். சனிக்கிழமை இரவு, புகைப்படம் எடுப்பதற்கான 'திரும்பக் கிடைக்கும் முன்பணம்' என்று இன்னும் 1,300 கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். ஆக மொத்தம் 8,500.

படித்தவன்தானே, எப்படி ஏமாந்தாய் என்று என் மைத்துனர் உட்படப் பலரும் கேட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் என்னை அழைத்தார். நிதானமான, படித்தவர் போன்ற குரல். பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பெரியவர் ஒருத்தர் வர்றார்னு எழுதியிருந்தீங்களே சார், அவரால மாடிப்படி ஏற முடியுமா? அந்தக் காலத்துப் படி, கொஞ்சம் செங்குத்தா இருக்கும். நடுவுல உட்கார நாற்காலி போட்டு வைக்கச் சொல்றேன்," என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, சாப்பாடு ஒரு மணிக்கு மேல் தாமதமானால் பரவாயில்லையா என்றும் கேட்டார். பெற்ற பிள்ளையான எனக்கே தோன்றாத கேள்விகள் அவை. அவர் வைத்ததும், மீதி 3,600 ரூபாயை அவர் கேட்காமலே அனுப்பினேன். பணம் பெறுபவர் பெயராகத் திரையில் வந்தது அந்தப் பக்கத்தின் பெயரும் இல்லை, பேசியவர் சொன்ன பெயரும் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை பேருந்தில் கிளம்பி, பத்தரை மணிக்குப் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய அந்த வீட்டின் முன் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது, வழிகாட்டி அரியாங்குப்பத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பதினொன்றேகாலுக்கு மறுபடி கேட்டபோது, சாவி வைத்திருப்பவர் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பக்கத்துக் கடைக்காரர்தான் அப்பாவுக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "உள்ள போகணும்னா வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே அனுமதி கேக்கணும் ஐயா, இப்படிப் பணம் வாங்கிக்கிட்டு ஆள் அனுப்புறதெல்லாம் எனக்குத் தெரிஞ்சு இங்க கிடையாது," என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மாளிகைக்கும் இந்த ஏமாற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களுடைய கதவைக் காட்டி வேறொருவன் காசு பார்த்திருக்கிறான். வாக்களித்த நாற்காலிக்குப் பதிலாக யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவர்களுடைய பேச்சே மாறிவிட்டது. 'மாளிகைக் காட்சி' என்றால் வெளிப்புறத் தோற்றம்தான், விதிமுறைகளைப் படிக்கவில்லையா என்றார் இன்னொருவர். நான் சத்தம் போட்டதும், திங்கள் மாலைக்குள் 8,500 ரூபாயும் வந்துவிடும் என்றார். திங்களன்று அது ஏழு வேலை நாட்களானது. செவ்வாயன்று, நான் 'மரியாதையில்லாமல்' எழுதுவதால் இனி மின்னஞ்சலில் மட்டுமே தொடர்புகொள்ளலாம் என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அந்த அக்கறைக் குரல்காரர் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அப்பா விளம்பரப் படத்தைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "தரையைப் பாருடா, ஆத்தங்குடிக் கல். இது காரைக்குடிப் பக்கத்து வீடு. முதல்லயே காட்டியிருந்தா சொல்லியிருப்பேனே," என்றார். அவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அந்தப் படத்தை மறைத்து வைத்தவன் நான்தான். கிருமாம்பாக்கம் தாண்டும் வரை யாரும் பேசவில்லை.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பழைய வீட்டுக்குள் போக அனுமதி உண்டா என்பதை அந்த வீட்டாரிடமோ, புதுச்சேரிச் சுற்றுலாத் துறை அலுவலகத்திலோ கேளுங்கள், இடையில் நிற்பவனிடம் கேட்காதீர்கள். திரையில் வரும் பெயர் பொருந்தவில்லை என்றால் அனுப்பாதீர்கள். 'வேலை நாட்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் காத்திருக்காமல் அன்றே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். நான் செவ்வாய் இரவுதான் அழைத்தேன், எடுத்தவர் முதலில் கேட்டதே பணம் போய் எத்தனை நாளாயிற்று என்றுதான். விளம்பரப் படத்தை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வங்கியில் எழுத்துமூலமாகப் புகார் கேட்கிறார்கள், பதினொரு மணிக்குள் போக வேண்டும். மூன்று பரிவர்த்தனை எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: 3,600, 3,600, 1,300.